கிரீ எழுத்து ஒன்றைக் கணினியில் வரவழைப்பது எப்படி?

கனடாவின் கிரீ மக்கள் எழுதும் எழுத்தில் கொம்பு, கால் எல்லாம் கிடையாது. உயிர் மாறினால் எழுத்தையே திருப்பிப் போட்டுவிடுவார்கள். ஒரு கோணம், அதன் கூர்முனை கீழே பார்த்தால் 'பே', மேலே பார்த்தால் 'பி', வலப்பக்கம் 'பொ', இடப்பக்கம் 'ப'.

கணினிக்கு இந்தத் திருப்பும் வேலை தெரியாது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரம் யுனிகோடு. 1999இல் வந்த யுனிகோடு 3.0 ஒவ்வொரு திசைக்கும் தனி எண் கொடுத்துவிட்டது: பே 5167, பி 5169, பொ 5171, ப 5176. நம் 'பெ' அப்படியில்லை. ப 2986, ஒற்றைக்கொம்பு 3014 என்று இரண்டு எண்கள். எனக்கென்னவோ கிரீயின் கணக்குதான் எளிதாகப் படுகிறது.

சரி, நோட்பேடைத் திறந்து இதை மட்டும் அடியுங்கள்:

&#5167;

அரைப்புள்ளியை விட்டுவிடாதீர்கள். எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்து பிரவுசரில் திறந்தால் 'பே' வரும். வெறும் கட்டம் வந்தால் எண்ணில் தப்பில்லை, ஃபாண்ட் இல்லை. நோட்டோ சான்ஸ் கனேடியன் அபாரிஜினல் இலவசமாகவே கிடைக்கிறது.

அப்புறம், அந்த எழுத்தை காப்பி செய்து புதிய கோப்பில் ஒட்டி, யூடிஎஃப்-8 (யுனிகோடு எண்ணைப் பைட்டுகளாக எழுதும் முறை) ஆகச் சேமியுங்கள். பிராப்பர்ட்டீஸில் அளவு 3 பைட் என்று இருக்கும். 6 என்று காட்டினால் 'பிஓஎம்' (கோப்பின் தொடக்கத்தில் வரும் 3 பைட் அடையாளம்) உள்ள வகையைத் தேர்ந்திருக்கிறீர்கள்.

அந்த மூன்று பைட்டை ஒரு தாளில் போட்டே பார்த்துவிடலாம். 5167ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 80, மீதி 47. 80ஐ மறுபடி வகுத்தால் ஈவு 1, மீதி 16. கடைசி ஈவோடு 224, மீதிகளோடு 128 கூட்டுங்கள்: 225, 144, 175. வட்டில் கிடப்பது இதுதான். இதே கணக்கை நம் 'ப'வுக்குப் போட்டால் 224, 174, 170 வரும்.

புதியவர்கள் வழுக்குவது கிரீ 'ப'வில். கீபோர்டில் உள்ள 'சிறியது' குறி < பார்க்க அதேபோல இருக்கும். ஆனால் அதன் எண் 60. அதைப் போட்டால் தேடலில் சொல் சிக்காது, எச்டிஎம்எல்லில் அதை ஒட்டி ஆங்கில எழுத்து வந்தால் டேக் (பிரவுசருக்கான கட்டளை) தொடங்குகிறது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும்.

புள்ளியும் அப்படித்தான். 'ப்வே' எழுத 'பே'க்குப் பக்கத்தில் நீங்களாக ஒரு புள்ளி வைக்க வேண்டாம். கிழக்குக் கிரீயில் புள்ளி இடப்பக்கம், அதற்கு 5178. மேற்கில் வலப்பக்கம், அதற்கு 5179.