'ஆன்ட்டி-மாஸ்கர்': தமிழில் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பாளையங்கோட்டையில் என்னிடம் மொழிபெயர்ப்பு பழக வரும் பிள்ளைகளுக்கு 'ஆன்ட்டி-மாஸ்கர்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துப் பார்ப்பேன். 'முகக்கவச எதிர்ப்பாளர்' என்று எழுதிவிடுகிறார்கள், சரிதான். அடுத்து சொல்லின் வரலாறு என்று நாலு வரி எழுதும்போதுதான் நான் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள்.

யார் எதை எதிர்க்கிறார்?

2020 கடைசியில் ஒரு கட்டுரை வந்தது. அதில் 'ஆன்ட்டி-மாஸ்க் லா' என்று இருந்தது. ஊரெல்லாம் கொரோனாப் பேச்சு. யோசிக்காமல் 'முகக்கவசம் அணிய மறுப்போர் மீதான சட்டம்' என்று போட்டேன். உண்மையில் அது நேர்மாறு. முகத்தை மறைப்பதையே தடுக்கும் சட்டம். நியூயார்க்கில் குத்தகை விவசாயிகள் வேஷம் கட்டி முகத்தை மறைத்துக்கொண்டு, நிலக்கிழார்களின் ஆட்களை விரட்டினார்கள். அதை அடக்க 1845இல் வந்தது. ஹாங்காங்கில் 2019 அக்டோபரில், போராட்டக்காரர்கள் முகத்தை மறைக்காமல் தடுக்க ஒன்று போட்டார்கள். கொரோனா வந்ததும் நியூயார்க் தன் சட்டத்தை 2020இல் நீக்கியது. என் மொழிபெயர்ப்பில் அது எப்படி வந்தது தெரியுமா? 'முகக்கவசம் தேவைப்பட்டதால், அணிய மறுப்போர் மீதான சட்டம் நீக்கப்பட்டது.' தலையும் இல்லை, காலும் இல்லை. இதைத் தட்டச்சு செய்த கைக்கும் உறைக்கவில்லை, பிழை திருத்திய கண்ணுக்கும் உறைக்கவில்லை. இரண்டும் என்னுடையவை.

அச்சடித்த பிறகுதான் கண்டோம். "அண்ணாச்சி, ஒரு ஃபாரம் முழுசா திரும்ப அடிக்கணும்" என்றார் அச்சகத்துக்காரர். ஃபாரம் என்றால் ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள். காகிதக் காசு என் கூலியில் கழிந்தது. இன்றைக்கும் எரிச்சல்தான்.

அதற்குப் பிறகு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். 'முகமூடிக் கொள்ளையர்' என்று எழுதலாம். 'முகக்கவசக் கொள்ளையர்' என்று எழுத முடியுமா? மறைக்கப் போடுவது முகமூடி, நோய்க்குப் போடுவது முகக்கவசம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே அந்தச் சட்டம் 'முகமூடித் தடைச் சட்டம்'. அவ்வளவுதான்.

கிடைத்த பழைய சொல்லையெல்லாம் பாட்டன் ஆக்காதீர்கள்

ஒரு பையன் "நானூறு வருஷத்துச் சொல்" என்று எழுதி வந்தான். 1609இல் இங்கிலாந்து அரசவைக் கூத்தில், ராணிகள் வருமுன் சூனியக்காரிகள் வந்து ஆடிய கோமாளித்தனமான ஆட்டத்துக்கு 'ஆன்ட்டிமாஸ்க்' என்று பெயர். 'மாஸ்க்' என்ற வேர் ஒன்றுதான், ஆனால் நம் சொல் அந்த ஆட்டத்தின் பெயரிலிருந்து வந்ததில்லை.

நிஜமான மூத்த உறவு சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. இன்ஃப்ளுயன்சாவுக்காக 1918 அக்டோபரில் துணி முகக்கவசத்தைக் கட்டாயமாக்கி, நவம்பரில் நீக்கி, 1919 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தார்கள். கொதித்தவர்கள் 'ஆன்ட்டி-மாஸ்க் லீக்' என்று ஒரு எதிர்ப்புச் சங்கம் தொடங்கினார்கள். பிப்ரவரி 1ஆம் தேதி உத்தரவை நீக்கினார்கள். 'மாஸ்கர்' என்று ஆளைக் குறிக்கும் வடிவம் ஊரறிய ஓடியது 2020இல்தான்.

பட்டம்

'ஆன்ட்டி-மாஸ்கர்' பெரும்பாலும் அடுத்தவர் ஒட்டுவது. அவர்களே சொல்லிக்கொண்டதாக எழுதாதீர்கள்.

எழுத்து

'ஆண்டி' என்று எழுதாதீர்கள். அவர் பழனியில் இருக்கிறார்.