படபடப்பு வந்தால் நான் செய்வது

சும்மா இருக்கும்போதே இதயம் திடீரென நிமிடத்துக்கு 180 தடவை அடிக்கும். மருத்துவமனைக்குப் போவதற்குள் அடங்கிவிடும். இசிஜியில் ஒன்றும் தெரியாது. பதற்றம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதயத்துடிப்பை விடாமல் பதிவுசெய்யும் ஹோல்ட்டர் கருவியை 48 மணி நேரம் உடலில் மாட்டியபோதுதான் பிடிபட்டது: எஸ்விடி. இதயத்துக்குள் மின்துடிப்பு ஒரே வட்டத்தில் சுற்றுகிற கோளாறு.

மருத்துவர் கற்றுத்தந்த வழி இது. சாய்ந்து உட்கார்ந்து, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சில் வாய் வைத்து, உள்தண்டு லேசாக நகருமளவு 15 விநாடி ஊதுவேன். உடனே மல்லாந்து படுப்பேன். வீட்டில் ஒருவர் என் கால்களை 45 டிகிரி தூக்கி 15 விநாடி பிடிப்பார். கால் தூக்குவதை விட்டுவிடாதீர்கள். கால் தூக்காமல் வெறுமனே ஊதியபோது எனக்குப் பலமுறை அடங்கவில்லை. இப்போது பெரும்பாலும் அடங்குகிறது.

மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் மட்டும் இதெல்லாம் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.