படகு அணிவகுப்பு பார்க்கப் போகிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஆறோ ஏரியோ கடலோ பக்கத்தில் உள்ள பல ஊர்களில், முன்னாள் படைவீரர்களைக் கௌரவிக்கப் படகு அணிவகுப்பு நடத்துகிறார்கள். முதல் தடவை போகிறவர்களுக்காக இது.

1. என்ன நாள்?

நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே. 1918-ல் முதல் உலகப் போர் ஓய்ந்த நாள் அது. 1954-ல்தான் இந்தப் பெயர் வந்தது. படையில் பணியாற்றிய எல்லோருக்குமான நாள் என்பதால் கைதட்டலாம், ஆரவாரம் செய்யலாம். மே மாதக் கடைசித் திங்கள்கிழமை வரும் மெமோரியல் டே வேறு: பணியில் உயிர்நீத்தவர்களுக்கானது. அன்று யாரையும் பார்த்து "ஹேப்பி மெமோரியல் டே" என்று சொல்லிவிடாதீர்கள்.

2. எங்கே நிற்பது?

படகுகள் புறப்படும் துறையை விட்டுவிடுங்கள். அங்கே அவை வரிசைக்கு வரவே திணறிக்கொண்டிருக்கும். பாலத்தின் மேல் நின்றால் படகு சட்டென்று காலடியில் நுழைந்து போய்விடும். என் ஓட்டு வளைவுக்குத்தான்: திரும்புவதற்காக வேகம் குறையும், படகின் இரு பக்கமும் தெரியும். வெயில் உங்கள் முதுகில் விழுகிற கரையாகப் பாருங்கள். எதிர்வெயிலில் முகங்கள் கறுத்துத்தான் தெரியும். தீயணைப்புப் படகு வந்து தண்ணீர் பீய்ச்சினால் சாரல் காற்று போகும் பக்கம் வரும், கேமராவை மூடிக்கொள்ளுங்கள்.

3. எதைப் பார்ப்பது?

ஆளுக்கொரு கொடி பறக்கும், குழப்பமாக இருக்கும். தேசியக் கொடி வழக்கமாகப் படகின் பின்புறம். சிவப்பில் கழுகும் நங்கூரமும் இருந்தால் மரைன் படை, கருநீலம் கடற்படை. கறுப்பில் இரண்டு உண்டு. காவல் கோபுரமும் முள்வேலியும் தலைகுனிந்த உருவமும் இருப்பது போர்க்கைதிகளுக்கும் காணாமல் போனவர்களுக்குமான கொடி. மற்றது 2019-ல் உருவான விண்வெளிப் படையுடையது. கொடிகளில் மூழ்கி, அதற்குக் கீழே தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரை விட்டுவிடாதீர்கள். தொப்பியிலேயே அவருடைய கப்பலோ படைப்பிரிவோ எழுதியிருக்கும். கையசையுங்கள், பதிலுக்கு அசைப்பார்.

4. தேசிய கீதம் ஒலித்தால்?

எழுந்து நில்லுங்கள். அமெரிக்கக் குடிமக்கள் தொப்பியைக் கழற்றி வலக்கையை நெஞ்சில் வைப்பார்கள். விசாவில் இருப்பவர்கள் நேராக நின்றாலே மரியாதைதான். சீருடை இல்லாமல் சல்யூட் அடிப்பவர் பெரும்பாலும் முன்னாள் வீரராக இருப்பார். சட்டம் அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. பார்த்துவிட்டு நாமும் அடிக்க வேண்டாம்.

5. தண்ணீரிலிருந்து பார்ப்பதானால்

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ஓடும் படகில் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அதைப் போட்டே இருக்க வேண்டும் என்பது பொது விதி. மாநிலத்துக்கு மாநிலம் வயது மாறலாம். அணிவகுப்பு வரிசைக்குள் நுழையாதீர்கள். ஹார்ன் ஐந்து முறை சுருக்கமாக அடுத்தடுத்து அடித்தால் அது வாழ்த்தல்ல, எச்சரிக்கை. உடனே சுற்றிலும் பாருங்கள்.

6. முடிந்த பிறகு

இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். படகுகள் கரை சேரும் துறைக்கு நடந்து போனால் வீரர்களோடு பேசலாம். "எந்தப் படையில் இருந்தீர்கள், எங்கே பணி?" என்று கேளுங்கள். போரில் என்ன நடந்தது என்று துருவ வேண்டாம். சொல்ல விரும்பினால் அவராகவே சொல்வார்.