துண்டு கேட்லாக்கும் ஆங்கிலக் கமாவும்: என் அனுபவம்

கரூரிலிருந்து ஏற்றுமதியாகும் துண்டு, படுக்கை விரிப்புகளுக்கு ஆங்கிலத்தில் விவரம் எழுதுவது என் வேலை. பெயரடைகளுக்கு நடுவே வரும் கமாவைத் திருத்தச் சொல்லி ஒரே கேட்லாக் திரும்பத் திரும்ப வந்தது. 'சாஃப்ட், அப்சார்பென்ட் டவல்' சரியாம். 'லார்ஜ், ஒயிட் டவல்' தவறாம். இரண்டிலும் இரண்டு பெயரடைதானே?

இரண்டு பெயரடைக்கு வேண்டாம், மூன்றுக்கு வேண்டும் என்று வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. மூச்சு விடும் இடத்தில் போட்டால், மூச்சு ஆளுக்கு ஆள் மாறுகிறது. இலக்கணம் பார்க்கும் மென்பொருளும் ஒரே மாதிரி பதில் சொல்லவில்லை.

கடைசியில் கைகொடுத்தவை இரண்டு சோதனைகள். நடுவில் 'அண்ட்' போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். இரண்டுக்கும் வாக்கியம் தாங்கினால் கமா உண்டு. 'அப்சார்பென்ட் அண்ட் சாஃப்ட்' நன்றாகவே நிற்கிறது. 'ஒயிட் லார்ஜ் டவல்' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் அளவு முன்னே, நிறம் பின்னே, மூலப்பொருள் அதற்கும் பின்னே.

பலர் தவறவிடுவது இதைத்தான்: சோதனையை ஜோடி ஜோடியாகச் செய்ய வேண்டும். 'சாஃப்ட், அப்சார்பென்ட் ஒயிட் காட்டன் டவல்' என்பதில் ஒரே ஒரு கமாதான். டவலுக்கு முன்னால் கமா வரவே வராது.

சில இடங்களில் கமா பொருளையே மாற்றிவிடும். 'த ஃபர்ஸ்ட் சக்சஸ்ஃபுல் டிரையல்' என்றால் அதற்கு முன் தோற்றவை உண்டு. ஃபர்ஸ்ட்டுக்குப் பின் கமா போட்டால் முதல் முயற்சியே வென்றதாகிவிடும். சாயம் பற்றி கேட்லாக்கில் வந்த அந்த வரியை மட்டும், எது உண்மை என்று சாயப்பட்டறையில் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.