எழுதாத விதியை மீறிப் பார்ப்பது எப்படி

யார் 'நார்மல்', யார் 'ஒரு மாதிரி' என்பது விவாதத்தில் பிடிபடாது. சின்ன விதி ஒன்றை மீறிவிட்டுச் சுற்றியிருப்பவர்களைக் கவனித்தால் பிடிபடும். சமூகவியல் வகுப்புகளில் இது பழைய பயிற்சி. அமெரிக்கச் சமூகவியலாளர் ஹரோல்ட் கார்ஃபிங்கல் தன் மாணவர்களைச் சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியவர்போல நடக்கச் சொன்னார். கால் மணி முதல் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். பிள்ளைகள் பணிவாகப் பேசினார்கள். கேட்டால் மட்டும் பதில் சொன்னார்கள். வீட்டாரோ உடம்புக்கு என்ன, வேலை போய்விட்டதா, புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

முதலில் விதியைத் தேர்ந்தெடுங்கள். அதை மீறுவது சட்டப்படி குற்றமாக இருக்கக் கூடாது, யாரையும் பயமுறுத்தக் கூடாது, இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடக்கூடியதாக இருக்க வேண்டும். லிஃப்டில் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்பது நல்ல தொடக்கம். "எப்படி இருக்கீங்க?" என்று நண்பர் கேட்டால், "எதைக் கேக்கறீங்க, உடம்பையா, வேலையையா?" என்று திருப்பிக் கேட்பது இன்னும் கூர்மையானது. முன்பின் தெரியாதவரை ஒட்டி நிற்பது, உடற்குறையோ நோயோ இருப்பதாக நடிப்பது, கோபப்பட முடியாத நிலையில் இருக்கும் கடை ஊழியரிடம் முயல்வது ஆகிய மூன்றும் வேண்டவே வேண்டாம்.

அடுத்த படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள்: அதே இடத்தில் 20 நிமிடம் சும்மா கவனிப்பது. நீங்கள் விதி என்று நினைத்தது உங்கள் பழக்கமாக மட்டும் இருக்கலாம். லிஃப்டில் பாதிப் பேர் ஏற்கெனவே பக்கவாட்டில் நின்றால், நீங்கள் திரும்பி நிற்பதை யார் பொருட்படுத்துவார்கள்?

மீறுபவர் ஒருவர், தள்ளி நின்று குறிப்பவர் ஒருவர் என இருவராகப் போங்கள். மீறுபவர் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அது விளையாட்டாகிவிடும், பார்ப்பவர்களுக்கு நிம்மதி வந்துவிடும். காரணமும் சொல்லக் கூடாது. 1970களில் நியூயார்க் சுரங்க ரயிலில் சமூக உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் மாணவர்கள் பயணிகளிடம் இருக்கையைக் கேட்டார்கள். காரணமே சொல்லாமல் கேட்டபோது சுமார் 68 சதவீதம் பேர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள். நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை என்று சொன்னபோது அது சுமார் 42 சதவீதமாகக் குறைந்தது. சொத்தையான காரணம் மறுக்க ஒரு பிடியைக் கொடுத்துவிடுகிறது. கேட்கப்போன மில்கிராமுக்கே தொண்டை அடைத்துக்கொண்டது. உங்களுக்கும் வியர்க்கும், வார்த்தை வராது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். விதி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

குறிப்பேட்டில் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்தால் போதும்: நேரம், செய்கை, வாயிலிருந்து வந்த சொல் அப்படியே, அவர்களாகக் கற்பித்துக்கொண்ட காரணம். ஐந்து நிமிடத்துக்குள் எழுதிவிடுங்கள். தாமதித்தால் "லூசு" என்று கேட்டது "ஆச்சரியப்பட்டார்" என்று நாகரிகமாகிவிடும். நான்காவது பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. புரியாத நடத்தைக்கு நோய், போதை, திமிர் என்று ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும் மனிதர்களுக்கு. மருத்துவப் பட்டியல்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 வரை ஒருபாலீர்ப்பைக் கோளாறாகத்தான் வைத்திருந்தது.

பிறகு ஆளை மாற்றுங்கள். அதே இடம், அதே நேரம், அதே மீறல். வயது, பாலினம், உடை மட்டும் வேறு. ஆளுக்கு ஐந்து முறையாவது செய்யுங்கள். இஸ்திரி போட்ட சட்டைக்காரர் "ஏதோ யோசனையில் இருக்கார்" ஆகலாம்; கசங்கிய சட்டைக்காரர் "குடிச்சிருக்கான்" ஆகலாம். விலகல், அதாவது 'ஒரு மாதிரி' என்று பெயர் வாங்குவது, செயலில் இல்லை, அதன்மேல் மற்றவர்கள் விதியைப் பொருத்துவதில் இருக்கிறது என்று சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963இல் எழுதியதை இங்கே நேரில் பார்க்கலாம். ஆனால் ஐந்து முறையை வைத்துச் சதவீதம் போடாதீர்கள். ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறவர்களை இதற்கு அனுப்பவும் கூடாது. அவர்களாக முன்வந்தால் மட்டும், நிறுத்துவதற்கான சைகையை முதலிலேயே பேசிவைத்துவிட்டுச் செய்யலாம்.

முடிந்ததும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். வீடியோ எடுக்க வேண்டாம். குறிப்பை அழிக்கச் சொன்னால் அவர் எதிரிலேயே கிழித்துவிடுங்கள். லிஃப்டில் ஆள் இறங்கிப் போய்விடுவார் என்பதால், குறிப்பெடுப்பவர் வெளியே காத்திருந்து சொல்வது நல்லது. வீட்டில் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் கோபம் தீராமல் போகலாம். கார்ஃபிங்கலின் மாணவர்கள் வீட்டிலேயே சிலர் இதை ரசிக்கவில்லை.