விக்கிமீடியா பொதுவகப் படத்தின் விளக்கத்தை மதிப்பிடும் முறை

யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் 2004 முதல் பயனர்கள் ஏற்றிவரும் படங்களுக்கு விளக்கத்தையும் பெரும்பாலும் அவர்களே எழுதுகிறார்கள். கட்டுரையிலோ பாடத்திலோ அந்தப் படத்தை எடுத்தாள்பவர் அவ்விளக்கத்தையே நம்புவதால், அதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் மிகவும் தேவை.

படி 1: படத்தைப் பார்க்காமல் விளக்கத்தை மட்டும் படியுங்கள். எது, எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்கு அதில் விடை இருக்க வேண்டும். "மிக அழகான பழமையான கோயில்" என்ற வரி எதற்கும் விடை சொல்வதில்லை.

படி 2: கொடுத்திருக்கும் பெயர் ஒரே இடத்தைத்தான் குறிக்கிறதா என்று பாருங்கள். "பிரகதீசுவரர் கோயில், சோழர் காலம்" என்பது போதுமானதாகத் தோன்றும். ஆனால் அப்பெயரில் தஞ்சாவூரிலும் கங்கைகொண்டசோழபுரத்திலும் கோயில்கள் இருப்பதாலும், இரண்டுமே சோழர் கட்டியவை என்பதாலும், ஊர்ப்பெயர் இல்லாத அந்த விளக்கம் அரைகுறையானதே.

படி 3: இனிப் படத்தைப் பாருங்கள். அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். தஞ்சைக் கோயிலில் கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் விளிம்பு ஏறத்தாழ நேர்க்கோடாக மேலேறும். கங்கைகொண்டசோழபுரத்து விமானமோ மேலே செல்லச் செல்ல உட்புறமாக வளைந்து குறுகும். தஞ்சாவூர் என்று எழுதியிருக்க, விளிம்பு வளைந்திருந்தால் விளக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். வாயிற்கோபுரத்தை மட்டும் காட்டும் படமானால் இந்த அடையாளம் உதவாது. அதே பயனர் அன்று எடுத்த மற்றப் படங்களை ஒப்பிடுவது நல்லது.

படி 4: தேதியைச் சரிபாருங்கள். படம் எடுத்த நாளும் ஏற்றிய நாளும் வேறு வேறு. கேமரா பதிந்த தகவல் பக்கத்தின் அடியில் இருக்கும்; பழைய படத்தை ஸ்கேன் செய்திருந்தால் அங்கே ஸ்கேன் செய்த நாளே இருக்கக்கூடும்.

படி 5: 2019 முதல் ஒவ்வொரு மொழியிலும் தனியே எழுதக்கூடிய சிறுகுறிப்பையும், படத்தைச் சேர்த்திருக்கும் பகுப்புகளையும் (பொருள்வாரிப் பிரிவுகளையும்) விளக்கத்தோடு ஒப்பிடுங்கள். தமிழில் ஓர் ஊரும் ஆங்கிலத்தில் வேறோர் ஊரும் இருந்தால் ஒன்று நிச்சயம் தவறு.

மதிப்பெண் இடும்போது, நீளமான தவறான விளக்கத்தைவிடச் சுருக்கமான சரியான விளக்கத்துக்கே நான் உயர்ந்த இடம் கொடுப்பேன். பிழை உறுதியானால் நீங்களே திருத்தி, காரணத்தைத் தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்தைச் சேமிக்கும்போது நிரப்பும் பெட்டியில்) எழுதுங்கள். உறுதி இல்லையென்றால் அந்தப் படத்தின் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்.