ஃபேன் இறக்கையின் நுனி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது?

சுழலும் பொருளுக்கு இரண்டு வேகங்கள் உண்டு. நொடிக்கு எவ்வளவு கோணம் திரும்புகிறது என்பது கோண வேகம். அதன் மேலுள்ள ஒரு புள்ளி நொடிக்கு எத்தனை மீட்டர் போகிறது என்பது நேர்க்கோட்டு வேகம். வட்டமாகப் போவதற்கு நேர்க்கோடு என்று பெயரா என்று கேட்காதீர்கள். நுனியில் ஒட்டியிருக்கும் தூசி அந்த நொடியில் பிய்த்துக்கொண்டால், முதலில் நேராகத்தான் பாயும்.

ஃபேனை நிறுத்தி, ஓர் இறக்கையில் மட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சின்னதாக ஒட்டுங்கள். முழு வேகத்தில் ஓடவிட்டு, கீழே படுத்துக்கொண்டு போனில் ஸ்லோமோஷன் எடுங்கள். நொடிக்கு 240 ஃபிரேம் இருந்தால் நல்லது. பகல் வெளிச்சத்தில் எடுங்கள், இரவில் படம் இருட்டிவிடும்.

அப்புறம் வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, டேப் புறப்பட்ட இடத்துக்கே பத்து முறை திரும்பி வர எத்தனை ஃபிரேம் ஆகிறது என்று எண்ணுங்கள். ஒரே சுற்றை எண்ணினால் ஒன்றிரண்டு ஃபிரேம் பிசகுவதே பெரிய பிழையாகிவிடும். எங்கள் வீட்டு ஃபேனுக்கு 380 ஃபிரேம் ஆனது, அதாவது சுற்றுக்கு 38. 240ஐ 38ஆல் வகுத்தால் நொடிக்கு 6.32 சுற்று. 60ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 379 சுற்று, அதாவது 379 ஆர்பிஎம்.

இனி சுற்றை ரேடியனாக மாற்ற வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். ஆரத்தின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி வட்டத்தின் விளிம்போடு வளைத்து வையுங்கள். அது மையத்தில் தாங்கும் கோணம்தான் ஒரு ரேடியன். முழு வட்டத்தையும் சுற்றிவர அப்படி 6.28 நூல் வேண்டும். இரண்டு பை (2π) என்பது இதுதான். ஆக,

கோண வேகம் = 6.28 × 6.32 = நொடிக்கு 39.7 ரேடியன்

நுனி ஒரு நொடியில் 39.7 ஆர நீளம் ஓடுகிறது என்று இதைப் படித்துப் பாருங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. ஆரம் எத்தனை மீட்டர் என்று தெரிந்தால் பெருக்கிவிடலாம்.

வீடுகளில் பரவலாக இருப்பது 1200 மில்லிமீட்டர் ஃபேன். அது இறக்கை நுனிகள் போடும் வட்டத்தின் விட்டம். ஆரம் அதில் பாதி, 0.6 மீட்டர். இறக்கையை மட்டும் டேப் வைத்து அளந்தால் குறைவாக வரும், நடுவில் மோட்டார் இருக்கிறதே.

நேர்க்கோட்டு வேகம் = 0.6 × 39.7 = நொடிக்கு 23.8 மீட்டர்

3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 86 கிலோமீட்டர்! நம் தலைக்கு மேல் பைபாஸ் ரோட்டு பஸ் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

ரேடியனுக்குப் பதில் டிகிரியைப் போட்டால்? நொடிக்கு 2,275 டிகிரி, 0.6ஆல் பெருக்கினால் 1,365. மீட்டர் என்று எழுதினால் ஒலியைவிட நான்கு மடங்கு வேகமான ஃபேன். விடை இப்படி வந்தால் எங்கே தவறியது என்று தேட வேண்டாம், அலகுதான்.

மையத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் உள்ள புள்ளிக்கும் அதே 39.7 ரேடியன்தான், ஆனால் வேகம் பாதி, மணிக்கு 43 கிலோமீட்டர்.

சரி, இதே கணக்கை பூமிக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம், அதாவது நொடிக்கு வெறும் 0.000073 ரேடியன். ஃபேன் முன்னால் நத்தை. ஆனால் நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், அதனால் தரை நொடிக்கு சுமார் 465 மீட்டர் ஓடுகிறது. வடக்கே போகப் போக, பூமியின் அச்சிலிருந்து நமக்குள்ள தூரம் சுருங்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் சுமார் 6,200 கிலோமீட்டர். அங்கிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பும் ராக்கெட்டுக்கு, எரிபொருள் பற்றும் முன்பே நொடிக்கு சுமார் 450 மீட்டர் இலவசம்.